இரண்டாவது மானிட்டரில் என்ன இருக்கு? 'எனிடெஸ்க் நம்பர்' சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டியது

"எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க சார்." ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல், ஷூ ஏற்றுமதி அலுவலகங்களில் டாலி மக்கர் பண்ணினாலோ, பிரின்டர் முரண்டு பிடித்தாலோ போனில் முதலில் கேட்கும் வாக்கியம் இதுதான். சப்போர்ட் ஆள் சென்னையில் இருப்பார். ஆம்பூருக்கு வர 180 கிலோமீட்டருக்கு மேல். நேரில் வந்தால் ஒரு நாள் போச்சு. நம்பரைச் சொன்னால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

ஆனால், பல மேஜைகளில் இப்போது இரண்டு ஸ்கிரீன்கள். அக்கவுன்ட்ஸ் மேஜையில் ஒன்றில் டாலி, இன்னொன்றில் நெட் பேங்கிங். மெர்ச்சண்டைசர் மேஜையில் ஒன்றில் ஏற்றுமதி ஆவணம், இன்னொன்றில் வெளிநாட்டு பையர் அனுப்பிய அடுத்த சீசன் டிசைனும் விலையும். 'டாலியை மட்டும்தானே காட்டுறோம்' என்று நினைத்து 'அக்செப்ட்' அழுத்துகிறார்கள். திறந்துவிடுவது இரண்டையும்!

ரெண்டு ஸ்கிரீன் அங்கே எப்படித் தெரியும்?

நம் கண்ணுக்கு அவை இரண்டு பெட்டிகள். விண்டோஸுக்கோ இரண்டும் சேர்ந்த ஒரே பெரிய டெஸ்க்டாப். எனிடெஸ்க், டீம்வியூவர், ஜோஹோ அசிஸ்ட், விண்டோஸிலேயே வரும் குயிக் அசிஸ்ட் என எதை எடுத்தாலும், எந்த மானிட்டரைப் பார்ப்பது என்று மாற்றிக்கொள்ளும் வசதி சப்போர்ட் ஆளின் பக்கம் இருக்கிறது.

அவருக்கும் இது தலைவலிதான். இரண்டு ஃபுல் எச்.டி. மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அகலம் 3840 பிக்சல். அவருடைய லேப்டாப் 1366 பிக்சல் அகலம் என்றால், படம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எழுத்தைப் படிக்க முடியாது. ஒன்றை மட்டும் பார்த்தால் வேறொரு தொல்லை. 'ஓகே' கேட்கும் சின்னப் பெட்டி இரண்டாவது ஸ்கிரீனில் திறந்து காத்திருக்கும். இவர் சாஃப்ட்வேர் ஹேங் ஆகிவிட்டது என்று நினைப்பார். ஆக, அவர் ஸ்கிரீன் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. அது நமக்குத் தெரியாமல் நடப்பதுதான் பிரச்சினை.

மீட்டிங்கில் காட்டுவது மாதிரி இல்லையா?

இல்லை. ஜூம், கூகுள் மீட்டில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது 'எந்த ஸ்கிரீன், எந்த விண்டோ?' என்று காட்டுபவரிடம்தான் கேட்கும். ரிமோட் சப்போர்ட்டில் பெரும்பாலும் அந்தத் தேர்வு பார்ப்பவர் கைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் எந்த ரூமுக்குப் போகலாம் என்பதை அவரே முடிவு செய்வது மாதிரி.

இதில் மோசடிக்காரர்கள் நுழைந்த கதையும் உண்டு. எனிடெஸ்க் எண்ணைக் கேட்டு வாங்கிப் பணம் எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஆனால் நேர்மையான சப்போர்ட் ஆளாக இருந்தாலும் கேள்வி தீராது. செஷனை ரெக்கார்ட் செய்யும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. இரண்டாவது ஸ்கிரீனில் இருந்த சம்பளப் பட்டியலும் அந்த வீடியோவில் பதிவாகிவிடலாம்.

மானிட்டரை ஆஃப் பண்ணினால் போதாதா?

போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். பவர் பட்டனை அழுத்தினால் ஸ்கிரீன் கறுப்பாகும். ஆனால் கேபிள் இணைப்பில் இருக்கும்வரை அந்த மானிட்டர் இன்னும் இருப்பதாகவே விண்டோஸ் பல நேரம் கணக்கில் வைத்திருக்கும். உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்!

சரி, என்ன செய்யணும்?

• முதலில் பேங்க் பக்கம், மெயில், சம்பள ஷீட் எல்லாவற்றையும் மூடுங்கள். மினிமைஸ் செய்தால் மட்டும் போதாது.

• பிரச்சினை உள்ள சாஃப்ட்வேரை முதல் ஸ்கிரீனுக்குக் கொண்டு வாருங்கள். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ அடுத்த ஸ்கிரீனுக்குத் தாவும்.

• விண்டோஸ் கீயுடன் 'பி' எழுத்தை அழுத்தி, 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இரண்டாவது மானிட்டர் கணக்கிலிருந்தே நீங்கிவிடும். அதில் மூடாமல் விட்டவை முதல் ஸ்கிரீனுக்கு வந்துவிடும் என்பதால், மூடும் வேலைதான் முதலில். எல்லாம் முடிந்ததும் 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

• பார்த்துச் சொன்னாலே போதும் என்ற பிரச்சினைக்கு ரிமோட்டே வேண்டாம். மீட்டில் ஒரு விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள்.

• ஆள் இல்லாதபோதும் உள்ளே வரும் 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' பாஸ்வேர்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தேவையில்லை என்றால் நீக்குங்கள்.

• பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

பொறுப்பு யாருடையது?

ஏதாவது நடந்தால் 'நம்பர் சொன்னது நீதானே' என்று அக்கவுன்ட்ஸில் இருப்பவரைக் கைகாட்டுவது சுலபம். ஆனால் மாதக் கடைசியில், ஷிப்மென்ட் கிளம்ப வேண்டிய நேரத்தில், முதலாளி பக்கத்தில் நிற்கும்போது, அவர் ஒவ்வொரு பட்டனையும் நிதானமாக யோசித்து அழுத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செயலி நிறுவனங்கள் செய்ய வேண்டியது எளிது: தொடக்கத்தில் ஒரே ஸ்கிரீன், அடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் கணினி முன் இருப்பவரிடம் மறுபடியும் கேட்க வேண்டும். அலுவலகங்களும் சப்போர்ட் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கலாம்: 'அனுமதி இல்லாமல் ரெக்கார்டிங் கூடாது, அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும் முன் சொல்ல வேண்டும்.' ஊழியர்களின் தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. எனவே இது ஐ.டி. கம்பெனிகளின் கவலை மட்டுமல்ல. நூறு பேர் வேலை செய்யும் ஷூ யூனிட்டின் கவலையும்தான்.

ரிமோட் சப்போர்ட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது இல்லாமல் இந்த ஊர்களில் வேலை ஓடாது. எந்த ஸ்கிரீனைக் காட்டுவது என்ற முடிவு மட்டும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கட்டும்.