செஞ்சிக்குக் கட்டுச்சோறு



ஆரணியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு விடுமுறை என்பது நாட்காட்டியில் இல்லை, பாவில்தான் இருக்கிறது. ஒரு பாவு நெய்து முடிந்து, மறுபாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துத் தறி மீண்டும் ஓடத் தொடங்கும் வரையில் கிடைக்கும் இடைவெளியே அவர்களுக்கு ஓய்வு. நெய்த சேலைக்குத்தான் கூலி. நெய்யாத நாளுக்குக் காசில்லை. ஆகவே, 'பிள்ளைகளோடு ஒரு நாள் எங்கேனும் போய் வருவோமே' என்று வீட்டுத் தலைவி சொல்லும்போது, ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. அத்தகைய நாளை எண்ணிப் பார்த்துச் செலவிட வேண்டுமன்றோ?

எங்கே போகலாம் என்று கேட்போர்க்கு நாம் சொல்லும் ஊர் செஞ்சி. சேத்துப்பட்டு வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. 1597ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு பிமெந்தா அடிகளார், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில் அங்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகர்களுள் அதுவே பெரிது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டு நகர் எதுவும் அதற்கு ஈடாகாது என்றும் எழுதி வைத்தார். இன்று அந்நகர் இருந்த இடத்தில் பாறையும் முட்புதரும்தான் மிகுதி. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே முற்றுகையிட்டுக் கிடந்தது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் நெற்களஞ்சியங்கள் ஏன் அத்துணைப் பெரியனவாய் உள்ளன என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்த்தே புரிந்துகொள்வர். அரிசிக்குப் பெயர் பெற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட இளைஞன் தேசிங்கின் கதையைப் பாட்டிமார் அறிவர். அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இஃது ஒன்றே. ஆரணி ஜாகீரை ஆண்டவரும் மராத்திய வழியினர் ஆதலால், நமக்கு அஃது அயலார் வரலாறன்று.

இனிச் சோற்றுக்கு வருவோம். கல்யாண மகாலின் நிழலில் பாய் விரித்துப் பந்தி வைக்கலாம் என்பதே பலரது எண்ணம். அது கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள், அனுமதிக்கப்பட்ட இடமன்றிப் பிற இடங்களில் சமைப்பதையும் உண்பதையும் 1959ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இத்தாலியைப் பார்க்கட்டும். புளோரன்ஸ் நகரில் சுற்றுலாப் பயணிகள் கோயில் படிகளில் அமர்ந்து உண்டு குப்பையாக்கியதால், 2017இல் மேயர் நண்பகல் வேளையில் அப்படிகளில் நீர் பாய்ச்சச் செய்தார்! ஈரப்படியில் யார் உட்காருவர்? மறு ஆண்டில், சில தெருக்களில் குறித்த நேரங்களில் உட்கார்ந்து உண்போர்க்கு அபராதம் என்றும் ஆணை பிறந்தது. நம் ஊரில் குழாய் வேண்டாம், குரங்குகளே போதும். செஞ்சிக் குரங்குகளுக்குப் பையின் சலசலப்பு கேட்டால் போதும், உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துவிடும்.

இந்த விதியில் நமக்கொரு நன்மையும் உண்டு. வழக்கமாக நடப்பது யாது? பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து ஆக்கியவள் தாய். கோட்டைக்குப் போனதும் எல்லாரும் மலையேற, உணவுக் கூடைக்குக் காவலாக மரத்தடியில் அமர்பவளும் அவளே. ஆண்டெல்லாம் இராட்டையின் முன் அமர்ந்து நூல் சுற்றியவள், செஞ்சிக்குப் போயும் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறாள். 'எனக்கென்ன, நீங்கள் பார்த்தால் போதும்' என்பாள். அதை மெய்யென்று நம்பிவிடும் கணவன்மாரை நாம் அறிவோம்.

ஆகவே, உணவைக் கோட்டைக்குள் கொண்டுபோக வேண்டாம். வண்டிக்குள் வைத்துப் பூட்டி, ஓட்டுநரிடம் ஒப்படையுங்கள். காலைச் சிற்றுண்டியை வழியிலேயே முடித்துக்கொள்ளலாம். சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்தில் இறங்கி, வேண்டிக்கொண்டு, கால் நீட்டிப் புறப்பட்டால் வெயிலேறுமுன் கோட்டைவாயிலை அடையலாம். கையில் தண்ணீர் மட்டும் போதும். இளையோர்க்கு ராஜகிரி, 800 அடி உயரம், உச்சிக்கு அருகே பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம். அவ்வளவு இயலாதோர்க்கு ராணிக்கோட்டை எனப்படும் கிருஷ்ணகிரி எளிது. ஒரே நாளில் இரண்டையும் ஏற முயன்று பிள்ளைகளைச் சோர்வடையச் செய்ய வேண்டாம். முதியோர்க்கு அடிவாரத்திலேயே கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில் என்று நிறைய உண்டு. இறங்கி வந்த பிறகு, கோட்டைக்கு வெளியே நல்ல நிழல் பார்த்து அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணுங்கள்.

நாளையும் பார்த்துக் குறியுங்கள். சித்திரை, வைகாசி வேண்டாம், பாறை சுடும். பௌர்ணமியும் கார்த்திகைத் தீபமும் வேண்டாம். திருவண்ணாமலைச் சாலை அன்று நிரம்பி வழியும். மார்கழி முதல் மாசி வரை நலம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

புளிக்காய்ச்சலை முந்தின இரவே செய்து வைத்துவிடலாம். புளி கரைக்க ஆண்பிள்ளைகட்கும் கையுண்டு. தயிர்ச்சோற்றுக்குப் பாலை மிகுதியாக ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்தால் நண்பகலில் புளிக்காமல் பதமாக இருக்கும். நெகிழிப் பை 2019 முதலே நம் மாநிலத்தில் தடை. எவர்சில்வர் தூக்கும் வாழையிலையும் இருக்க அது எதற்கு? தின்ற இலைகளைக் கட்டிக்கொண்டுவர ஒரு பழஞ்சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுமந்து வரும் பொறுப்பை வீட்டின் மூத்த மகனுக்குக் கொடுக்கலாம்.