எந்த நாட்டு வடிகட்டி நல்லது?

மனித உடலில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது சிறுநீரகம். மோட்டார் காரில் அதே வேலையைச் செய்வது எண்ணெய் வடிகட்டி. 1923-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட், கிரீன்ஹால்க் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள்.

"ஜெர்மனி சாமானா? ஜப்பான் சாமானா?" என்று கேட்டு வாங்குவோர் பலர். தகரக் கூட்டைத் தட்டிப் பார்த்து வாங்குவோரும் உண்டு. ஆனால், எண்ணெயைச் சுத்தம் செய்வது கூடு அல்ல.

உள்ளே விசிறிபோல் மடித்த தாள் இருக்கிறது. அதன் ஓரம் பிரிந்தால் அழுக்கு நேரே என்ஜினுக்குப் போய்விடும். பல வடிகட்டிகளில் ரப்பர் தடுப்பு ஒன்றும் உண்டு. வண்டி நிற்கும்போது எண்ணெய் வடிந்துவிடாமல் அது காக்கிறது. சிலிக்கோன் ரப்பர் அதிகச் சூட்டைத் தாங்கும். நைட்ரைல் ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். விறைத்துவிட்டால், காலையில் வண்டியைக் கிளப்பும்போது என்ஜினுக்கு உடனே எண்ணெய் கிடைக்காது. தேய்மானம்தான் மிச்சம்!

டொயோட்டா வடிகட்டிகள் ஜப்பானிலும் தயாராகின்றன, தாய்லாந்திலும் தயாராகின்றன. பெயர் ஒன்று, பிறந்த இடம் வேறு. ஆகவே, நாட்டின் பெயர் மட்டும் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது.

வடிகட்டிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 4548 என்ற சர்வதேச முறை இருக்கிறது. எந்த நாட்டுச் சாமானையும் அதில் சோதித்துப் பார்க்கலாம். கூடு மூடியிருப்பதால், வாங்குகிறவர் உள்ளே இருக்கும் தாளைப் பார்க்க முடியாது. எனவே, சோதனை முடிவைப் பெட்டியின் மீதே எளிய மொழியில் அச்சிட வேண்டும். இதைச் சட்டமாக்கினாலும் தவறில்லை.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு என்ஜின்தான் சோறு போடுகிறது. சிறிய வடிகட்டியில் ஏமாந்தால் பெரிய என்ஜின் போய்விடும். அதுவரை, கார் கம்பெனி குறிப்பிட்ட எண்ணைப் பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!