கூத்தருக்கு வழி சொல்வோர் யார்?

(இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவரின் கருத்து)

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு இன்னாரிடம் போ, இன்ன வழியாகப் போ என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. மலைபடுகடாம் என்ற நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர் உண்டு. தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்தபோது, இதற்கும் என் தாய்மாமாவுக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் மாமா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். நம் மாவட்டத்தில் மாசி தொடங்கி ஆடி வரை திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று சங்கரதாஸ் சுவாமிகள் தந்த நாடகங்களே இன்றும் மேடை ஏறுகின்றன. 1922-இல் மறைந்த ஒருவருடைய எழுத்தை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அடுத்த வரி இதுதான் என்று முன்கூட்டியே சொல்வார்கள். சென்ற ஆண்டு அந்த மாமா கைப்பேசியில் வந்த ஓர் அறிவிப்பைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். கிராமியக் கலைகளைக் கற்பிக்க விரும்புவோருக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருகிறதாம்.

"மாப்பிள்ளை, நம்ம வீட்டுல காலேஜ் படிச்சது நீ ஒருத்தன்தான். இதை எழுதிக் குடுப்பா. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் சொல்லிக் குடுக்கணும். எனக்கு அப்புறம் வாசிக்க ஆள் இல்லை" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே மறுக்க முடியவில்லை. அந்த விண்ணப்பத்தை எழுதியபோதும், அது திரும்பி வந்த பிறகும் என் மனத்தில் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

படிவம் கேட்ட கேள்விகள்

படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் கேள்வியே குழுவின் பெயர் என்ன என்பது. இங்கேயே தடுக்கி விழுந்தோம். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையிலேயே சேர்ந்து நடிப்பார்கள். எல்லோருக்கும் பாடமும் பாட்டும் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கலை நிற்கிறது. இந்த அரிய ஏற்பாட்டை எழுதிக் காட்ட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து, பதிவு எண், மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, பயனடைவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறகு, உங்கள் பணியால் விளையும் பயன் என்ன என்று ஒரு கேள்வி. மாமாவிடம் கேட்டேன். "விடியிற வரைக்கும் சனம் எந்திரிச்சுப் போகாம உட்கார்ந்திருக்கும். அதை எழுது" என்றார். செலவுத் திட்டத்துக்கு வந்தோம். பழைய ஆர்மோனியத்தைப் பழுது பார்க்க இவ்வளவு, மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற இவ்வளவு, பாய், விளக்கு, பிள்ளைகளுக்குச் சுண்டல் என்று மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டு வந்தார். கற்பிப்பவருக்கு ஊதியம் என்ன போடுவது என்று கேட்டேன். "நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க நான் காசு வாங்குறதா?" என்று கோபித்துக்கொண்டார்.

விண்ணப்பத்தை அனுப்பினோம். இரண்டே வரியில் பதில் வந்தது: பதிவு பெறாத அமைப்புகளுக்கு நிதி தர இயலாது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. ஆறிய பின் யோசித்தால், தவறு எங்கள் பக்கமும் இருந்தது. பொதுப் பணத்தைக் கொடுப்பவர் முகவரியும் கணக்கும் கேட்பதில் குற்றமில்லை. கணக்கு எழுதத் தெரிந்த நாம் அவர்கள் பக்கத்தில் இல்லாமற்போனதுதான் குற்றம்.

கேட்பது இழிவா?

கலைஞன் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதைப் பிச்சை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும் அதற்கு அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். தக்கவரிடம் கேட்பதையும் ஏற்றார். கேட்க அஞ்சும் மானத்தையும் போற்றினார். இரண்டும் மனித வாழ்வில் உள்ளவை.

நம் ஊர் வரலாற்றையே பாருங்கள். குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. சித்தன்னவாசலில் ஆடல் மகளிரைத் தீட்டிய ஓவியம் இருக்கிறது. செலவை ஏற்க ஒருவர் இல்லாமல் இவை தோன்றியிருக்க முடியுமா? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அரசர் போனார், மக்களாட்சி வந்தது. அது நன்மையே. ஆனால் அரண்மனை வாசலில் நின்று பாடினால் போதும் என்றிருந்த காலம் போய், அலுவலக வாசலில் தாளோடு நிற்கும் காலம் வந்தது. குரல் இருந்தவனுக்குத் தாள் எழுதத் தெரியவில்லை.

இன்று வாசல்கள் இல்லாமல் இல்லை. 1953-இல் தொடங்கிய சங்கீத நாடக அகாதமி டில்லியில் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் சென்னையில் இருக்கிறது. ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் குருவுக்கும் மாணவருக்கும் மாத உதவி தரும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் மரபுக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது. ஆனால் அந்த நிதியைப் பெற விரும்பும் அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டும். 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் தனியே இன்னொரு பதிவும் செய்ய வேண்டும். வெளிநாட்டு நிதி இன்னும் உயரத்தில் இருக்கிறது. மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் 15 இலட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் இருந்தால்தான் அதற்குப் பதிவு கிடைக்கும். சுண்டல் செலவை விரல்விட்டு எண்ணும் என் மாமாவுக்கு அந்தக் கதவு இப்போதைக்கு இல்லை. மற்றக் கதவுகளையாவது தட்டலாம் அல்லவா?

நிதி வந்தால் கலை கெடுமா?

இன்னொரு மறுப்பும் உண்டு. நிதி வாங்கினால் கலை கெட்டுவிடும், கொடுப்பவருக்கு ஏற்ப ஆட வேண்டிவரும் என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

1977-இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை நிதி கொடுத்ததால் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்து முழுநேரமாக நடத்த முடிந்தது. கார் விற்ற பணத்தில் 1936-இல் தோன்றிய அறக்கட்டளை, தெருக்கூத்திலிருந்து பாடம் கற்ற தமிழ் நாடகக் குழுவுக்கு உதவியது. வெளிநாட்டுப் பணம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டறை பல நடிகர்களை உருவாக்கியது என்பதை யாரும் மறுக்க முடியாது. நாமெல்லாம் அறிந்த விஜய் சேதுபதி அங்குக் கணக்கராகச் சேர்ந்தவர்தாம். நாடகக் குழுவுக்கும் கணக்குப்பிள்ளை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் 1990-இல் கூத்துக் கலைஞர்களே கூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002-இல் அந்தச் சங்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலம் நடத்தத் தொடங்கியது. பிள்ளைகள் அங்குப் பள்ளிப்பாடமும் படித்தார்கள், கூத்தும் பயின்றார்கள். பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அது பயிற்றுவித்த பிள்ளைகளோ இருக்கிறார்கள்.

இவற்றிலிருந்து நான் கொள்வது இதுதான். நிதி என்பது ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ வருவது. ஒரு நாள் நின்றுவிடும். வீட்டின் பாரம் முழுவதையும் அந்த ஒரு தூணின் மேல் ஏற்றக்கூடாது. நாடகம் நடத்தும் செலவை ஊர் வரியே தாங்க வேண்டும். ஊர் விரும்பாத நாடகத்தை எந்த நிதியும் காப்பாற்றாது. ஆனால் ஊர் வரி ஓரிரவு நாடகத்துக்குப் போதும். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாண்டு கற்பிக்கப் போதாது. வாத்தியம் வாங்கவும், முதியவர்களின் பாட்டைப் பதிவு செய்யவும், அடுத்த தலைமுறையைப் பழக்கவும் நிதி கேட்கலாம். கதையை மாற்று, பபூனை நீக்கு, மூன்று மணி நேரத்தில் முடி என்று நிபந்தனை வந்தால் வணக்கம் சொல்லித் திரும்பிவிட வேண்டும்.

கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை இந்திய மொழி எதிலும் திட்டம் எழுதி அனுப்பலாம் என்கிறது. மற்றவர்களும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? விடிய விடியத் தமிழ் பேசும் கலைஞனை ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்வது, மீனை மரமேறச் சொல்வது போன்றது. சிறு தொகைக்குச் சிறு படிவம் போதும். எழுத இயலாதவர் பேசிப் பதிவு செய்து அனுப்பவும் இடம் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவத் தோழர்களே! ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதுகிறோம்: நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காட்சிப் பதிவு, முடிவு. நிதி விண்ணப்பமும் இதேதான். என்ன செய்யப் போகிறோம், எதைக் கொண்டு, எப்படி, எத்தனை நாளில், செய்து முடித்ததை எப்படிக் காட்டுவோம் என்பவைதான் அதில் உள்ள கேள்விகள். வாரந்தோறும் நாம் எழுதுவதை ஒரு கலைஞருக்காக ஒருமுறை எழுதக் கூடாதா?

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் கோயில் வளாகம் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அத்துடன் இதையும் சேர்க்கலாம். வணிகவியல் மாணவர்கள் வரவுசெலவு எழுதப் பழக்கட்டும். தமிழ்த்துறை நண்பர்கள் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பை அவர் சொல்லக் கேட்டு எழுதட்டும். ஆங்கிலத்துறை மொழிபெயர்க்கட்டும். மற்றவர்கள் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பெயர் இல்லாதவர்களைக் கண்டு பதிவு செய்ய உதவட்டும். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து திருவிழாக்கள் நின்றபோது, மாமாவோடு வாசிப்பவர்களில் இருவர் பெயர்தான் வாரியத்தில் இருந்தது. மற்றவர்கள் பதியவே இல்லை. பதிய வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை. பேராசிரியப் பெருமக்கள் இந்த யோசனையைக் கருத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் பங்குக்கு நான் தொடங்கிவிட்டேன். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். வாத்தியக்காரர்களும் நடிகர்களுமாக ஆறு பேர் தேறினார்கள். ஏழாவதாக என் அம்மா கையெழுத்திட்டார். ரேஷன் அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் பிறகு அவர் கையெழுத்திட்ட மூன்றாவது தாள் அது. தை மாதத்தில் பதிவு முடிந்தது. கூட்டக் குறிப்பேட்டையும் வரவுசெலவுப் புத்தகத்தையும் நான் எழுதுகிறேன். மாமாவின் ஊதியத்தைப் பற்றி மட்டும் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. அவர் வாங்க மறுக்கும் அந்தத் தொகையைச் சங்கத்தின் பங்களிப்பு என்று தனி வரியாக எழுதியிருக்கிறேன். இலவசமாகக் கொடுத்த உழைப்புக்கும் விலை உண்டு என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் வரவில்லை. வராமலும் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு பிள்ளைகள் அந்தப் பழைய ஆர்மோனியத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். இரண்டு கட்டைகள் ஒலிப்பதில்லை. அந்த இடம் வரும்போது மாமா வாயால் பாடிக் காட்டுகிறார்.

பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொன்னான் என்கிறது ஆற்றுப்படை. நமக்குக் கிடைத்த பரிசு கல்வி. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அதை முதலில் பெற்றவர்கள் நாமே. எனவே வழி சொல்லும் கடமையும் முதலில் நம்முடையதே. உங்கள் ஊரிலும் ஒரு மாமா இருப்பார். அவரிடம் படிவத்தை வாங்குங்கள்.