பழைய கணினியில் ஒரு வெள்ளோட்டம்

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

"ரிட்டயர்டு ஆன பிறகு என்ன செய்றீங்க டீச்சர்?" என்று பலர் கேட்கிறீர்கள். இன்னும் வெளியாகாத லினக்ஸ் பதிப்பைப் பழைய கணினிகளில் போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகனுக்கு இது பிடிக்கவில்லை. "அத்தை, அது டெவலப்பர்கள் பார்க்கிற வேலை. உங்களுக்கு எதுக்கு? நான் புது லேப்டாப் வாங்கி அனுப்புறேன்" என்கிறான். பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வேலைக்கு என்னைப் போன்றவர்களும் வேண்டும், நம் வீட்டுப் பழைய கணினிகளும் வேண்டும் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

புதிதாகச் செய்த தேரையோ மராமத்துப் பார்த்த தேரையோ நேரே திருவிழா அன்று வடம் பிடித்து இழுக்க மாட்டார்கள். முன்னதாக ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டு, சக்கரமும் அச்சும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வார்கள். ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் அப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. பீட்டா என்றும் சோதனைப் பதிப்பு என்றும் சொல்வார்கள். லினக்ஸ் இலவசமாகவும் வெளிப்படையாகவும் இருப்பதால், யார் வேண்டுமானாலும் அதை இறக்கிப் பார்த்துக் குறை சொல்லலாம். குறை சொல்பவருக்குப் பட்டம் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த நானே சொல்லியிருக்கிறேன்.

ஏன் இப்போது இதைப் பேசுகிறேன்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கும் ஓராண்டுதான் அவகாசம். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். அந்தத் தலைமுறையே 2017இல்தான் வந்தது. அதற்கு முன் வாங்கிய கணினிகள் நம் ஊர்களில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மில் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், வீட்டு மாடி அறை என்று எங்கும் கிடக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் அவை இன்றும் ஓடும். ஆனாலும் காயலான் கடைக்குத்தான் போகப் போகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் முன்பு பிரௌசிங் சென்டரும் நடத்தினார். அதை மூடியபோது மிஞ்சிய கணினிகளில் மூன்றை ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு ஆட்டோவில் அனுப்பிவைத்தார். ஒன்று 32 பிட் பெண்டியம் 4. இன்னொன்று 2 ஜிபி நினைவகம் உள்ள கோர் 2 டியோ. மூன்றாவது 4 ஜிபி உள்ள முதல் தலைமுறை ஐ3. மானிட்டர்கள் எல்லாம் பழைய சதுர வடிவம்.

அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒரு லினக்ஸ் வகையின் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். பெயரை விட்டுவிடுகிறேன். வெளிவராத ஒன்றின் குறையை ஊரறியச் சொல்வது, மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிப்பது போல. எனக்கு அது பிடிக்காது. ஆனால் அதில் கண்ட இரண்டு குறைகளை மட்டும் சொல்ல வேண்டும். என் வாதமே அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது, நிறுவும்போது வரும் ஜன்னல் சதுர மானிட்டரில் அடங்கவில்லை. "அடுத்து" என்ற பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிட்டது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் ஜன்னலை மேலே இழுத்தால் பொத்தான் தெரியும். ஆனால் முதல் முறை பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? "கம்ப்யூட்டர் நின்றுபோச்சு" என்று அணைத்துவிடுவார்.

இரண்டாவது, மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் விசைப்பலகையும் தமிழுக்கு மாறியது. ஆனால் கடவுச்சொல்லை முன்பே ஆங்கில எழுத்தில் கொடுத்திருந்தேன். உள்ளே நுழையும் திரையில் ஆங்கிலம் தட்டச்சாகவில்லை. அதாவது, தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் வாசல் பூட்டு!

இந்த இரண்டையும் உருவாக்கியவர்கள் ஏன் பார்க்கவில்லை? அவர்களிடம் பெரிய திரை இருக்கிறது, அவர்கள் ஆங்கிலத்தில் நிறுவுகிறார்கள். அவ்வளவுதான் காரணம். அவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. தேர் திரும்ப வேண்டிய ரத வீதி முக்கில் வெள்ளோட்டம் விடாமல் நாற்கரச் சாலையில் விட்டால் இப்படித்தான் ஆகும். நான் இரண்டையும் எழுதி அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் திரையின் புகைப்படம் கேட்டார். பொத்தான் சிக்கல் அடுத்த சோதனைப் பதிப்பில் சரியாகிவிட்டது. கடவுச்சொல் சிக்கல் இன்னும் பட்டியலில் நிற்கிறது. நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மகன் இதற்கும் பதில் வைத்திருக்கிறான்: "பழைய மெஷின்ல வர்ற பாதிக் கோளாறு மெஷினோட கோளாறுதான் அத்தை." நியாயமான பேச்சு. அதனால்தான் புகார் எழுதும் முன் கணினியைச் சோதிக்க வேண்டும் என்கிறேன். பெண்டியம் 4இல் இணையதளம் எதுவும் திறக்கவில்லை. பார்த்தால் மதர்போர்டில் நாணயம் அளவு பேட்டரி செத்துப்போய், தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழைக் கணினி ஏற்காது. பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்டது. நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட் என்ற நிரலை ஓர் இரவு ஓடவிட வேண்டும். பிறகு அதே பென்டிரைவை இன்னொரு கணினியிலும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே குறை வந்தால் அது மென்பொருளின் குறையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை "வலிக்குது டீச்சர்" என்று அழும்போது எங்கே, எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்போம் அல்லவா? அதேதான். எந்தக் கணினி, என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், உண்மையில் என்ன வந்தது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா. இந்த ஐந்தையும் எழுதினால் போதும். நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவர்களுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. எங்களிடம் நேரமும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

சோதனைப் பதிப்பைப் பார்ப்பவரின் கவனம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு 2024இல் நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்று ஒரு சிறிய மென்பொருள், கோப்புகளைச் சுருக்க உதவுவது. அதன் பராமரிப்பில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவர் போல உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அது டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குள் நுழைந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் டெபியனின் சோதனை நிலைப் பதிப்பில் வேலை செய்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். உபுண்டு தன் 24.04 பீட்டாவையே ஒரு வாரம் தள்ளிவைத்தது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேரும் முன்பே பிடிபட்டது. அவர் பெரிய நிபுணர், நான் அல்ல. ஆனால் "இது ஏன் இப்படி மெதுவாகிறது?" என்று கேட்கும் பழக்கம் யாருக்கும் வரலாம். பழைய கணினியில் அந்த மெதுவு இன்னும் பளிச்சென்று தெரியும்.

பழையது எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 9இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. உபுண்டு அதற்குப் பல வருடம் முன்பே நிறுத்திவிட்டது. என் பெண்டியம் 4க்கு டெபியன் 12தான் கடைசி. அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. பிறகு அதற்கு விடை கொடுத்துவிடுவேன். மின்சாரத்தையும் அது தாராளமாகக் குடிக்கிறது. ஐ3 கணினியில் பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினேன், சுறுசுறுப்பாக இருக்கிறது. கோர் 2 டியோவில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்பு போதும். ஆனால் பிரௌசரில் நாலைந்து தளங்களை ஒன்றாகத் திறந்தால் 2 ஜிபி மூச்சு வாங்கும். இதையும் மறைக்கக் கூடாது.

நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதல்ல. 2006-07 வாக்கில் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதைக் கொண்டுவந்தார். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. உங்களில் பலர் அந்த லேப்டாப்பை வாங்கியவர்கள்தான். எத்தனை பேர் பாஸைத் திறந்து பார்த்தீர்கள்? செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில், கைட் அமைப்பு பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தயாரிக்கிறது. ஆசிரியர்கள் அதில் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். கொடுத்தால் மட்டும் போதாது, பயன்படுத்திக் குறை சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் எந்த மென்பொருளிலும் நம் தமிழ் அரைகுறையாகத்தான் இருக்கும்.

முயல நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்:

1. சோறு போடும் கணினியில் சோதனைப் பதிப்பைப் போடாதீர்கள். அந்த ஜெராக்ஸ் கடை மாணவரின் டிடிபி கணினியை நான் தொடவே இல்லை. பழைய தமிழ் எழுத்துருவில் அவர் அடித்துவைத்த பத்திரிகைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

2. படம், கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்த பிறகே தொடங்குங்கள்.

3. வட்டில் நிறுவும் முன், பென்டிரைவிலிருந்தே லைவ் முறையில் ஓட்டிப் பாருங்கள். ஒலி, வைஃபை, பிரிண்டர், தமிழ்99 விசைப்பலகை நான்கையும் பாருங்கள்.

4. வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

தமிழில் படிக்க விரும்பினால் கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸ் பாடங்களை எளிமையாக எழுதிவருகிறது.

மூன்று கணினிகளில் இரண்டு இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக முன்னறையில் இருக்கின்றன. அவற்றில் இருப்பது சோதனைப் பதிப்பு இல்லை, நிலையான பதிப்பு. மாலையில் ஆறேழு பேர் வருகிறார்கள். டக்ஸ் பெயிண்டில் படம் வரைகிறார்கள், தமிழில் கதை அடிக்கிறார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் கணினி வாங்கும் நிலை இல்லை. காயலான் கடையில் எடைக்குப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று விசாரித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எழுதும் நிரலை ஒரு முறையாவது சின்னத் திரையில், 2 ஜிபி கணினியில், தமிழில் ஓட்டிப் பாருங்கள். மற்றவர்கள், பரணில் கணினி கிடந்தால் தூக்கிப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாடல் என்ன, நினைவகம் எவ்வளவு என்று கீழே எழுதினால், அது தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், ராஜபாளையம்