டெண்டருக்கு முன்பே கேளுங்கள்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் காலடி மண் எப்படிப்பட்டது என்று தெரியும். மணல்; பெய்த மழையை மளமளவென்று உறிஞ்சிக்கொள்ளும். அந்த மணலில்தான், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதியில், கோவளம் வடிநிலத் திட்டத்தின் கீழ் மழைநீர் வடிகால் கட்ட மாநகராட்சி கிளம்பியது. நிலத்துக்குள் இறங்கும் நல்ல தண்ணீரை ஓடவிட்டால் கிணறுகள் உப்பாகாதா என்று குடியிருப்போர் கேட்டனர். அதைக் கேட்க அவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருந்தது.

வார்டிலேயே பேசியிருக்க வேண்டிய விஷயம் இது. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது, 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம். தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வர 2022 ஆனது. (இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர்களே இல்லாமல் தனி அதிகாரிகள் நகரங்களை நடத்தியது தனிக்கதை.) அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று வார்டுகளுக்குள் அமைந்த பகுதி சபைகள் கூடின, பம்மல் கூட்டத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலினே உட்கார்ந்து கேட்டார்.

நல்ல தொடக்கம்தான். ஆனால் பகுதியின் பிரதிநிதியை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. செலவிடச் சபைக்கென்று பணமும் இல்லை. எரியாத தெருவிளக்கைச் சொல்ல மட்டும் ஒரு சபை எதற்கு? அதற்குத்தான் மாநகராட்சியின் 1913 புகார் எண் இருக்கிறதே!

புணேயில் 2006 முதலே மக்கள் பரிந்துரைக்கும் வார்டுப் பணிகள் மாநகராட்சி பட்ஜெட்டில் இடம்பெறுகின்றன. தொகை சிறியது என்றாலும் கேட்டது கணக்கில் ஏறுகிறது. இங்கும் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பங்கை ஒதுக்கி, செலவை முடிவுசெய்யும் உரிமையைச் சபைக்குத் தர வேண்டும். பிரதிநிதிகளைத் தெருக்காரர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

பொறியியலை ஓட்டுப்போட்டு முடிவுசெய்ய முடியுமா என்பார்கள் அதிகாரிகள். குழாயின் விட்டத்தை யாரும் மக்களிடம் கேட்கச் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தில் எந்த முனையில் தண்ணீர் தேங்கியது, எந்தத் தெருவில் போர்த் தண்ணீர் உப்பானது என்பதையெல்லாம் அங்கே வசிப்பவர்தான் சொல்ல முடியும். அதை டெண்டருக்கு முன்பு கேட்க வேண்டும். பள்ளம் தோண்டிய பிறகு அல்ல.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. 1,189 சதுர கிலோமீட்டரின் தலையெழுத்து அதில் இருக்கிறது. எந்த ஏரிக்கரை எந்த வண்ணத்தில் குறிக்கப்படுகிறது என்பதை, அது அரசாணையாகும் முன்பு, ஒவ்வொரு பகுதி சபையிலும் தமிழில் விரித்துக் காட்ட வேண்டும்.