ஆளில்லாத காட்டுக்குக் கோட்டைச் சுவர் எதற்கு?

ஒரு கிரவுண்டு மனை வாங்கவே முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் நீங்கள். தாய்ப் பத்திரம் எங்கே, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று புரோக்கரைத் துளைத்து எடுப்பீர்கள். அதே ஜாக்கிரதையோடு டேனியல் பூன் கதையையும் ஒருமுறை படித்துப் பாருங்களேன்.

பூன், 1734-ல் பென்சில்வேனியாவில் பிறந்த வேட்டைக்காரர். அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டி கென்டக்கிக்குப் பாதை வெட்டி, 1775-ல் பூன்ஸ்பரோ என்ற கோட்டைக் குடியிருப்பை உருவாக்கியவர். 1776-ல் மகளைக் கடத்திப் போனவர்களைத் துரத்திப் பிடித்து மீட்டவர். விர்ஜீனியா சட்டசபைக்கும் தேர்வானவர். அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர், காட்டை நாடாக்கிய ஹீரோ.

வீரம் நிஜம்தான். ஆனால், பி.காம். படித்தவன் புத்தி முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் தேடுகிறது.

பூனைப் பாதை வெட்ட அனுப்பியது, ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற முன்னாள் நீதிபதியின் டிரான்சில்வேனியா கம்பெனி. 1775 மார்ச்சில் செரோக்கீ பழங்குடித் தலைவர்களிடம் இந்தக் கம்பெனி 'வாங்கிய' நிலம் சுமார் 2 கோடி ஏக்கர். விலை, 10,000 பவுன். அதுவும் பெரும்பாலும் சரக்காக. அன்றைக்கு ஒரு பவுனுக்கு 240 பென்னி. வகுத்துப் பாருங்கள். ஒரு பென்னிக்கு எட்டு ஏக்கர்!

சரி, விற்றவர்களுக்கு உரிமை இருந்ததா? பேரத்தில் சம்பந்தப்பட்ட தலைவர் ஒருவரின் மகனான டிராகிங் கனூவே 'கூடாது' என்று எழுந்து நின்று எதிர்த்தார். அதே காட்டைத் தங்கள் வேட்டை நிலமாக வைத்திருந்த ஷாவ்னி மக்கள் கையெழுத்தே போடவில்லை. வாங்கியவர்களுக்காவது உரிமை இருந்ததா? பழங்குடிகளிடம் தனியார் நிலம் வாங்கக் கூடாது என்று 1763-லேயே பிரிட்டிஷ் அரசர் ஆணை போட்டிருந்தார்.

"அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம் சார்" என்பீர்கள். இல்லை சார். தப்பு என்று அந்தக் காலத்திலேயே செரோக்கீ இளைஞன் சொன்னான், அரசர் சொன்னார், விர்ஜீனியா கவர்னரும் அறிக்கை விட்டார். காதில் வாங்கத்தான் ஆள் இல்லை.

கூத்து இனிமேல்தான். இந்தக் கிரயம் செல்லாது என்று 1778-ல் விர்ஜீனியா சட்டசபை அறிவித்தது. சரி, செல்லாத பத்திரமென்றால் நிலம் விற்றவருக்குத்தானே திரும்ப வேண்டும்? திரும்பவில்லை. நிலத்தை விர்ஜீனியா வைத்துக்கொண்டது. ஹெண்டர்சன் கோஷ்டிக்கு நஷ்ட ஈடாக 2 லட்சம் ஏக்கர் கிடைத்தது. செரோக்கீக்கு? பூஜ்யம்.

பூனும் தப்பவில்லை. சர்வே கோளாறு, ஒரே நிலத்துக்குப் பல பேர் உரிமை, வழக்கு, கடன். கென்டக்கியில் சேர்த்ததையெல்லாம் காகிதம் சரியில்லை என்றே இழந்தார். 1799-ல் மிசோரிக்குப் போனார். அது அப்போது ஸ்பெயின் வசம். அங்கே கிடைத்த நிலமும், அமெரிக்கா வந்த பிறகு பத்திரச் சிக்கலில் போனது. 1814-ல் காங்கிரஸ் திருப்பிக் கொடுக்க, பெரும்பகுதியை விற்றுப் பழைய கடனை அடைத்தார். 1820-ல் இறந்தார்.

இந்த இடத்தில் அவர் கதையைப் படிக்கிற எல்லோரும் உச் கொட்டுவார்கள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காகிதத்தால் பூன் நிலத்தை இழந்தால் அது சோகம், அதே மாதிரிக் காகிதத்தால் ஒரு ஜனமே இழந்தால் அது முன்னேற்றமா? என்ன நியாயம் இது?

பூன் கொடுங்கோலர் அல்ல. 1778-ல் அவரைச் சிறைபிடித்த ஷாவ்னித் தலைவர் பிளாக்ஃபிஷ், மகனாகவே தத்தெடுத்தார். அப்படிப்பட்ட மனிதர் 1787-ல் ஏழு அடிமைகளுக்குச் சொந்தக்காரர். நல்லவர்களை வைத்தே ஒரு பெரிய அநியாயம் சத்தமில்லாமல் நடந்துவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சிலையை உடைக்கச் சொல்லவில்லை. வரவை எழுதிய புத்தகத்தில் பற்றையும் எழுதுங்கள் என்கிறேன். பற்றை மறைத்து லாபம் காட்டினால், அதற்குப் பெயர் வரலாறு அல்ல, கள்ளக் கணக்கு.

'ஆளில்லாத காட்டில் போய்க் குடியேறினார்கள்' என்று உங்கள் பிள்ளை எந்தப் புத்தகத்திலாவது படித்துவிட்டு வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆளே இல்லையென்றால், கோட்டைச் சுவர் யாருக்காக?