பாலைப்பழக் காலத்தில் ஒரு நடை

முல்லை எண்டால் காடும் காடு சார்ந்த நிலமும். உயர்தரத்தில் தமிழ் படிச்ச எல்லாருக்கும் இது மனப்பாடம். நானும் எழுதிப் புள்ளி எடுத்தனான். வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில். ஆனால் போன வருசம் வரைக்கும் வீரை எது, முதிரை எது எண்டு யாராவது கேட்டிருந்தால் முழிச்சிருப்பன். ஏ9 வீதியில் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் பஸ் யன்னலுக்கு வெளியே ஓடுற பச்சை, அவ்வளவுதான் எனக்குக் காடு.

சோம்பல் மட்டும் காரணமில்லை. 2009 இல் எங்கட வயதுக்காரர் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். காட்டைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் பாடமே "அங்கால போகாதை" என்பதுதான். சிவப்புப் பலகை, அதில் மண்டையோடு. ஹலோ ட்ரஸ்ட் 2002 இலிருந்து இலங்கையில் கண்ணிவெடி அகற்றுகிறது; வன்னியில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. அப்படி வளர்ந்த எங்களிடம் இப்ப போன் சொல்லுது, மனசு சரியில்லையெண்டால் மரங்களுக்கு நடுவில் நட, எல்லாத்தையும் மற எண்டு. யப்பானில் 1982 இல் வனத்துறை அறிமுகப்படுத்தின 'வனக்குளியல்' இது. நல்ல விசயம்தான். ஆனால் எங்கட காட்டில் மறக்கிறது சரிவராது எண்டு நினைக்கிறன்.

போன ஆனியில் பெரியம்மாவோடு ஒட்டுசுட்டான் பக்கம் பாலைப்பழம் பொறுக்கப் போனேன். அவ செருமிக்கொண்டும் உரத்துக் கதைத்துக்கொண்டும் முன்னால நடந்தா.

"ஏன் பெரியம்மா கத்துறீங்கள்?"

"கரடியும் இந்தப் பழத்துக்குத்தான் வரும். நாங்கள் வாறது அதுக்குத் தெரியோணும்."

அமைதி தேடிப் போன எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. மாட்டுத் தடத்தை விட்டு விலகாதை எண்டு நாலைஞ்சு தரம் சொன்னா. அடிமரம் மேடும் பள்ளமுமாய் முறுகி நிற்பது வீரை. பொடி இலை முதிரை. எங்கட வீட்டுக் கதவு அந்த மரம்தானாம். பிறகு பாலை. வேப்பம்பழத்தளவில் மஞ்சள் பழம், தேன் இனிப்பு. பத்துப் பழம் தின்ன உதடு ரெண்டும் பாலில் ஒட்டிவிட்டது. ஐந்திணையில் இதே பேரை வறண்ட நிலம் எண்டு படிச்சனாங்கள்!

திரும்பி வரேக்க பற்றைக்குள் ஒரு கிணத்துக்கட்டு, பக்கத்தில் காய்ச்சு நிற்கும் தேசிமரம். படமெடுக்கப் போனைத் தூக்கினேன்.

"இது காடில்லைப் பிள்ளை, வளவு."

யாற்றை வளவு எண்டும் சொன்னா. இடம்பெயர்ந்த சனம் திரும்பி வரேல்லை, காடு வந்திட்டுது. நான் போனை வைத்துவிட்டேன்.

இயற்கையோடு தனிப்பட்ட உறவு எண்டு எழுதுறவை பெரும்பாலும் ஆளில்லாத காட்டைத்தான் தேடுகினம். எனக்கு அது ஆட்களின் பேரோடும் மரங்களின் பேரோடும்தான் வந்தது. பயம் முழுக்கப் போகேல்லை. ஆனால் எங்கே பயப்படவேணும், எங்கே தேவையில்லை எண்டு பிரித்துப் பார்க்க முடிகிறது. பெரியம்மாவின் பிள்ளைகள் ரெண்டு பேரும் வெளிநாட்டில். நான் கொப்பியில் எழுதினது 14 மரம்தான்; மிச்சமெல்லாம் அவவின் தலைக்குள் இருக்கு.

வாற ஆனிக்கு எங்கட பட்சில் மூண்டு பேர் வரப்போறதாச் சொல்லியிருக்கினம். பெரியம்மாவிடம் கேட்டேன்.

"சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரச்சொல்லு. காதில பாட்டை மாட்டிக்கொண்டு ஒருத்தரும் வரப்படாது," எண்டா.